ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம்: பல வருட மணவாழ்க்கை விலகிப்போனால் திரும்பச் சேர்வதற்கு ஒரு முழு வழிகாட்டி

என் மனைவிக்கு ஒரு வருஷமாக மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமாக இருந்தது எனக்குத் தெரியாது. மயக்கம் போட்டு விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றுதான் தெரிந்தது. அங்கே டாக்டர் என்னிடம் நாலே கேள்வி கேட்டார். என்ன மாத்திரை சாப்பிடுறாங்க, ராத்திரி தூங்குறாங்களா, கடைசியா ரத்தம் எப்போ டெஸ்ட் பண்ணீங்க, இது எத்தனை மாசமா இருக்கு. ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. பக்கத்தில் நின்ற அவளுடைய அக்கா நாலுக்கும் சொன்னார். ஹீமோகுளோபின் 7.4. பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்கவேண்டும்.

கல்யாணமாகி அப்போது 24 வருஷம். எங்கள் வீட்டில் சண்டை கிடையாது, குரல் உயராது, அதனால் பார்க்கிறவர்கள் நல்ல ஜோடி என்றுதான் சொல்வார்கள். பேச்சும் இருந்தது: கேஸ் புக் பண்ணியாச்சா, கரண்ட் பில் கட்டியாச்சா, பையன் ஃபீஸுக்குக் கடைசித் தேதி என்ன. கும்பகோணத்தில் எனக்குப் பாத்திரக்கடை. ராத்திரி பத்து மணிக்குப் பூட்டிவிட்டு வருவேன், ஹாட்பேக்கில் இட்லி இருக்கும், அவள் சீரியல் பார்த்துக்கொண்டிருப்பாள், நான் சாப்பிட்டுவிட்டு ஹாலிலேயே போனோடு படுத்துவிடுவேன். மகன் கோயம்புத்தூர் காலேஜில் சேர்ந்த பிறகு எங்களுக்குள் பேசுவதற்கென்று இருந்த கடைசி விஷயமும் பஸ் ஏறிப் போய்விட்டது. நாள் முழுக்கப் புதுக் கல்யாண ஜோடிகளுக்குக் குத்துவிளக்கும் அண்டாவும் எடுத்துக்காட்டிக்கொண்டிருந்த ஆள் நான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஆஸ்பத்திரி நாளுக்குப் பிறகு இரண்டு வருஷத்தில் நாங்கள் செய்தது, நான் சொதப்பியது, ஆலோசகரிடம் போய்த் தெரிந்துகொண்டது எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன். பதினைந்து, இருபது, முப்பது வருஷம் ஆனவர்களுக்காக. படிக்கிறவர் மனைவியாக இருந்தால் இடத்தை மாற்றிப் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

தொடங்குவதற்கு முன் ஒன்று

அடி, மிரட்டல், வெளியே போகவிடாமல் அடைத்து வைப்பது, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, இதெல்லாம் உங்கள் வீட்டில் இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது இல்லை. அங்கே நடப்பது மனவிலகல் கிடையாது, குற்றம். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பணத்தை வைத்துக் கொடுமை செய்வதையும் வார்த்தையால் கொடுமை செய்வதையும்கூட வன்முறை என்றுதான் சொல்கிறது. பெண்கள் உதவி எண்ணான 181-க்குப் போன் செய்யுங்கள். குடிப்பழக்கம் முற்றியிருந்தால் அதற்கான சிகிச்சை முதலில், மற்றதெல்லாம் பிறகு. வெளியே ஒரு உறவு இன்னமும் நடந்துகொண்டிருந்தால் அது முடிகிறவரை கீழே சொல்கிற எதுவும் வேலை செய்யாது.

படி 1: தனியாக உட்கார்ந்து கணக்கெடுங்கள்

துணையிடம் போவதற்கு முன் நீங்கள் மட்டும் ஒரு நோட்டு எடுத்து எழுதுங்கள். அவருக்கு இப்போது இருக்கிற பெரிய கவலை என்ன? யாரிடம் மனம்விட்டுப் பேசுகிறார்? உடம்பில் என்ன தொந்தரவு? போன மாதம் எதற்காவது வாய்விட்டுச் சிரித்தாரா, எதற்கு? உங்களிடம் கேட்டு நீங்கள் தட்டிக்கழித்த கடைசி விஷயம் எது? அப்புறம் இந்தக் கேள்வி: உங்களுக்கு ஒரு நல்ல செய்தி வந்தால் முதலில் யாருக்குப் போன் போடுகிறீர்கள்? நான் எழுதியபோது பாதிப் பக்கம் காலியாக இருந்தது. எங்கள் கடைப் பையனின் வீட்டு விவரம் எனக்கு இதைவிட நன்றாகத் தெரியும்.

எழுதியதைப் பார்த்தால் விலகல் எந்த வகை என்று பிடிபடும். ஒன்று வறண்டு போனது. வெறுப்பு இல்லை, விசாரிப்பும் இல்லை, வாடகைக்கு இருக்கிறவர்கள் மாதிரி. இன்னொன்று கசந்து போனது. அவர் பேசும்போது முகத்தைச் சுளிப்பது, அவர் பேசுகிற மாதிரியே பேசிக்காட்டுவது, சொந்தக்காரர்கள் முன்னால் ‘இவருக்கு என்ன தெரியும்’ என்பது. தம்பதிகளைப் பல வருஷம் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், பிரிவுக்குக் கொண்டுபோகிற நடத்தைகளில் மோசமானது இந்த ஏளனம்தான் என்கிறார். உங்களுடையது இந்த வகை என்றால் ஏளனத்தை இன்றைக்கே நிறுத்துங்கள், ஆலோசகரையும் சீக்கிரமே பாருங்கள். கசந்த இடத்தில் போய் நீங்கள் திடீரென்று காபி போட்டு நீட்டினால், ‘என்ன, புதுசா?’ என்ற சந்தேகம்தான் வரும்.

படி 2: மனசைப் பார்ப்பதற்கு முன் உடம்பைப் பாருங்கள்

வழிகாட்டி எழுதுகிற யாரும் இதை முன்னால் வைப்பதில்லை. நான் வைக்கிறேன், ஏனென்றால் ஒரு வருஷம் முழுக்க ‘இவ ஏன் எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுறா’ என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது ரத்தசோகை. இரும்புச்சத்து ஊசி போட்டு, ரத்தப்போக்குக்கு வைத்தியம் பார்த்து, மூன்று மாதத்தில் பாதி எரிச்சல் போய்விட்டது. மீதிப் பாதிக்கு நான் காரணம்.

இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக 46, 47 வயதில். அதற்கு முந்தைய சில வருஷங்களிலேயே தூக்கம் கெடும், திடீரென்று உடம்பு தீயாய்க் கொதிக்கும், அழுகை வரும், உறவின்போது வலி வரும். பிள்ளைகள் வீட்டைவிட்டுக் கிளம்புகிற காலமும் பெரும்பாலும் இதுதான், எல்லாம் ஒன்றாக வந்து மோதுகிறது. தைராய்டு குறைந்தால் சோர்வும் மனச்சோர்வும் சேர்ந்து வரும். ஆண்கள் கதை வேறு. சர்க்கரை பல வருஷம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனால் விறைப்புத்தன்மை பாதிக்கும், அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டுத் தொடுவதையே நிறுத்திவிடுவார்கள், மனைவி ‘என்மேல ஆசை போச்சு’ என்று எடுத்துக்கொள்வாள். இரண்டு பேரும் வாயைத் திறக்காமலே ஐந்து வருஷம் ஓடிவிடும். பலமான குறட்டையும் பகலில் தூங்கிவிழுவதும் இருந்தால், தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பார்க்கவேண்டும். நான் ஹாலுக்கு மாறியதற்கு ஆதிக் காரணமே குறட்டைதான், போன் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

செய்யவேண்டியது: இரண்டு பேரும் ஒரே நாளில் லேபுக்குப் போங்கள். ஹீமோகுளோபின், சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, தைராய்டு, பிரஷர். ‘உனக்கு டெஸ்ட் எடுக்கணும்’ என்று சொல்லாதீர்கள், ‘நாம ரெண்டு பேரும் எடுத்துடுவோம்’ என்று சொல்லுங்கள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டுப் பக்கத்து ஓட்டலில் டிபன் சாப்பிட்டதுதான் பல வருஷத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் வெளியே சாப்பிட்ட முதல் தடவை. எது கேட்டாலும் விருப்பமில்லை, எதிலும் சந்தோஷமில்லை, சாவைப் பற்றிப் பேச்சு வருகிறது என்றால் மனநல மருத்துவர் தேவை. 14416, டெலிமானஸ், மத்திய அரசின் இலவச எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

படி 3: பெரிய பேச்சைத் தொடங்காதீர்கள், ‘ம்’ போடுவதை நிறுத்துங்கள்

நான் செய்த முதல் தப்பு இதுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாலாவது நாள், ‘நாம உக்காந்து பேசணும்’ என்றேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. கடன் ஏதாவது வாங்கிவிட்டேனோ என்று நினைத்திருக்கிறாள். அப்புறம் நான் ஒரு மணி நேரம் பேசினேன், அவள் கேட்டாள், கடைசியில் ‘சரிங்க’ என்று எழுந்துபோய்ப் பால் காய்ச்சினாள். பத்து வருஷமாகப் பேசாதவர்கள் முதல் நாளே எல்லாவற்றையும் பேசித் தீர்ப்பது நடக்காத காரியம். பழக்கமில்லாத கால் முதல் நாளே பழநி மலை ஏறினால் மறுநாள் கட்டிலைவிட்டு இறங்காது.

சின்ன இடத்தில் தொடங்குங்கள். காட்மன் சியாட்டிலில் இருக்கிற வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் புதுமணத் தம்பதிகளைக் கவனித்தார். ஒருவர் மற்றவரின் கவனத்தைக் கேட்டு விடுகிற சின்னச் சின்ன அழைப்புகளை எண்ணினார். ஆறு வருஷம் கழித்துப் பார்த்தபோது, சேர்ந்தே இருந்த தம்பதிகள் அந்த அழைப்புகளில் 86 சதவீதத்துக்குத் திரும்பிப் பார்த்துப் பதில் கொடுத்தவர்கள், பிரிந்துபோனவர்கள் 33 சதவீதத்துக்குத்தான் கொடுத்தார்கள்.

நம் வீடுகளில் அந்த அழைப்பு எப்படி இருக்கும்? ‘என்ன வெயிலு பாத்தீங்களா.’ ‘எதுத்த வீட்டுல பெயிண்ட் அடிக்கிறாங்க.’ ‘இன்னிக்கு முருங்கைக்காய் நாலு முப்பது ரூபாயாம்.’ யாருக்கும் முருங்கைக்காய் விலை முக்கியம் இல்லை. ‘நான் இங்க இருக்கேன், நீ இருக்கியா’ என்பதைத்தான் நம் ஆட்கள் முருங்கைக்காய் விலையில் சுற்றி அனுப்புகிறார்கள். அதற்கு நாம் கொடுக்கிற பதில் ‘ம்’. தமிழ்க் குடும்பங்களில் வசைச்சொல்லைவிட அதிகம் கெடுத்தது இந்த ஒற்றை எழுத்துதான் என்பது என் கட்சி. வசைக்காவது ஒரு பதில் வரும்.

இரண்டு வாரம், வேறு எதுவும் செய்யவேண்டாம். அவர் எது சொன்னாலும் போனைக் கவிழ்த்து வையுங்கள், முகத்தைத் திருப்புங்கள், ஒரு முழு வாக்கியம் சொல்லுங்கள், முடிந்தால் ஒரு கேள்வி கேளுங்கள். ‘நாலு முப்பதா? போன வாரம் என்ன விலை?’ அவ்வளவுதான். முதல் வாரம் நடிப்பு மாதிரி இருக்கும், இருக்கட்டும். அவர் ஒன்றுமே சொல்லாதவர் என்றால் நீங்கள் சின்ன அழைப்புகளை விடுங்கள், பதில் வராவிட்டாலும் முகம் மாறாதீர்கள். இந்தக் கட்டத்தில் மாற்றத்தை அறிவிக்கவும் கூடாது. ‘பாத்தியா, நான் இப்போ எவ்வளவு மாறிட்டேன்’ என்று நான் பத்தாவது நாள் கேட்டுத் தொலைத்தேன். ‘ம்’ என்றாள்.

படி 4: தினம் இருபது நிமிஷம், மூன்று பேச்சுக்குத் தடை

மூன்றாவது வாரம் தினமும் ஒரு நேரத்தை ஒதுக்குங்கள். பிள்ளைகள், பணம், சொந்தக்காரர்கள் மூன்றையும் அந்த இருபது நிமிஷத்தில் பேசக்கூடாது. இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் பேச என்ன மிச்சம் என்று கேட்கிறீர்களா? எங்களுக்கும் ஒன்றும் மிச்சமில்லை. முதல் நாலைந்து நாள் மௌனமாகவே போனது. அதனால்தான் நடக்கச் சொல்கிறேன். எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் விசாரணை மாதிரி இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் நடந்தால் முகத்தைப் பார்க்கவேண்டாம், மௌனமும் உறுத்தாது.

நாங்கள் காலை ஐந்தே முக்காலுக்கு மகாமகக் குளத்தைச் சுற்றினோம். ஆறாவது நாள் குளத்தைச் சுற்றி இருக்கிற மண்டபங்களை அவள் எண்ணிக்கொண்டு வந்தாள், பதினாறு. அதில் ஒன்றைக் காட்டி, ‘கல்யாணமாகி வந்த புதுசுல ஒரு நாள் உங்க அம்மாகூட கோவிலுக்கு வந்துட்டு இங்கதான் உக்காந்து அழுதேன்’ என்றாள். 24 வருஷம் கழித்து வருகிறது அந்தச் செய்தி. ‘ஏன்?’ என்று மட்டும் கேட்டேன். பழைய நான் என்றால், ‘அம்மா நல்லவங்கதானே’ என்று ஆரம்பித்திருப்பேன்.

பேச்சு வராவிட்டால் கேள்வியால் கிளப்பலாம். ஆர்தர் ஏரன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் 1997-இல் 36 கேள்விகளை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாத இரண்டு பேர் லேசான கேள்வியில் தொடங்கி ஆழமான கேள்விக்குப் போனால் முக்கால் மணி நேரத்தில் நெருக்கம் வருகிறது என்று காட்டிய ஆய்வு அது. பழைய தம்பதிகளுக்கு அதை நம் பாணியில் மாற்றிக்கொள்ளலாம். நான் கேட்டவற்றில் பலன் கொடுத்தவை: இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரம் எதுக்குப் பயந்தே? பன்னிரண்டாவது படிக்கும்போது என்ன ஆகணும்னு இருந்துச்சு? உங்க அப்பாகிட்ட கேக்காம விட்ட கேள்வி என்ன? பையன் பொறந்த அன்னிக்கு ராத்திரி நான் போன அப்புறம் என்ன பண்ணினே? ஒரு நாளைக்கு ஒன்று போதும். பதில் வந்தால் அதற்கு வக்கீல் வேலை பார்க்காதீர்கள், தீர்வும் சொல்லாதீர்கள்.

படி 5: பிள்ளைகளைத் தபால்காரராக்காதீர்கள்

பத்தடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு ‘அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு’, ‘நான் அப்புறம் சாப்பிட்டுக்கிறேன்னு உங்கம்மாகிட்ட சொல்லு’. நம்மில் எத்தனை வீடுகளில் இது நடக்கிறது! மகன் வெளியூர் போன பிறகும் எங்கள் வீட்டில் இது வாட்ஸ்ஆப்பில் தொடர்ந்தது, இவள் அவனுக்குச் சொல்ல, அவன் எனக்கு அனுப்ப. ஒரு நாளில் நிறுத்தக்கூடிய பழக்கம் இது. பிள்ளையிடமே சொல்லிவிடுங்கள்: இனிமே ரெண்டு பேரும் நேராப் பேசிக்கிறோம், நீ நடுவுல இருக்க வேண்டாம். கூட்டுக்குடும்பம் என்றால் அம்மா, நாத்தனார், மச்சான் எல்லாருக்கும் இதே விதிதான். என் அம்மாவிடம் சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆனது.

படி 6: பழைய காயம்

இதைத் தாண்டாமல் போகவே முடியாது. நாலு வாரம், ஆறு வாரம் மேலே சொன்னதெல்லாம் நடந்தால் பழையது தானாகவே மேலே வரும், வந்தால் பயப்படாதீர்கள், நம்பிக்கை கொஞ்சம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

எங்கள் வீட்டில் வந்தது இது. அவளுடைய அப்பா ஆவணி மாதம் இறந்தார். முகூர்த்த சீசன், கடையில் சீர்வரிசை வியாபாரம். இறுதிச்சடங்கு முடிந்த மறுநாளே நான் கும்பகோணம் திரும்பிவிட்டேன், பதினாறாம் நாளுக்கு மதியச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். அது நடந்து பதினொரு வருஷம். அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை, நானும் அது முடிந்துபோன விஷயம் என்றுதான் இருந்தேன். அன்றைக்கு அவளுடைய சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக ‘மாப்பிள்ளை எங்கே’ என்று கேட்க, அவள் ஒவ்வொருவருக்கும் ஒரு பொய் சொல்லியிருக்கிறாள். என்னை விட்டுக்கொடுக்காமல் சொன்ன அந்தப் பொய்களில்தான் என்மேல் இருந்த ஒட்டுதல் அறுந்தது என்றாள்.

இதைக் கேட்கும்போது என் வாயில் மூன்று பதில் தயாராக இருந்தது. கடைக்கு ஆள் இல்லை, செலவுக்குப் பணம் நான்தானே கொடுத்தேன், அப்பவே சொல்லியிருக்கலாமே. மூன்றும் உண்மை. மூன்றில் எதைச் சொல்லியிருந்தாலும் இந்தக் கட்டுரை இருக்காது. ஆலோசகர் சொல்லிக்கொடுத்த முறை: ஒருவர் மட்டும் பேசவேண்டும், ஒரே ஒரு காயத்தைப் பற்றி. கேட்கிறவர் முடிந்ததும் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லவேண்டும், ‘நான் இல்லாதப்போ எல்லாருக்கும் பதில் சொல்ற நிலைமைக்கு உன்னைத் தள்ளிட்டேன், அப்பாவை நினைச்சு அழக்கூட உனக்கு விடல, இதானே?’ அவர் ‘ஆமா’ என்று சொல்கிறவரை திருத்தித் திருத்திச் சொல்லவேண்டும். அதன் பிறகுதான் மன்னிப்பு. அந்த மன்னிப்பில் ‘ஆனா’ வரக்கூடாது, ‘அப்போ சூழ்நிலை அப்படி’ வரக்கூடாது, ‘உனக்குக் கஷ்டமா இருந்திருந்தா மன்னிச்சுக்கோ’ என்ற ‘இருந்தா’ நிச்சயமாக வரக்கூடாது. உங்கள் காயத்தை அதே நாளில் எடுக்காதீர்கள், அதற்கு வேறொரு நாள் வரும். எனக்கும் இருந்தது ஒன்று, இரண்டு வாரம் கழித்துச் சொன்னேன்.

நடுவில் சூடு ஏறினால் நிறுத்துங்கள். நெஞ்சு படபடவென்று அடித்து நாடி நூறைத் தாண்டிவிட்டால் எதிராளி சொல்வது காதில் விழுந்தாலும் மூளைக்குப் போகாது. அடங்குவதற்குக் குறைந்தது இருபது நிமிஷமாவது வேண்டும். அதனால், ‘எனக்குப் படபடன்னு வருது, ஏழரைக்குத் திரும்ப உக்காருவோம்’ என்று மணி சொல்லிவிட்டு எழுந்திருங்கள். மணி சொல்லாமல் செருப்பைப் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போவதும் எழுந்து போவதுதான், ஆனால் வீட்டில் இருப்பவருக்கு அது கதவைச் சாத்தின மாதிரி.

எல்லாப் பிரச்சினையும் பேசித் தீராது. காட்மன் கணக்கில் தம்பதிகளின் சச்சரவில் 69 சதவீதம் தீராத வகை, குணமும் வளர்ப்பும் வேறாக இருப்பதால் வருவது. என் தாராளச் செலவும் அவளுடைய சிக்கனமும் அப்படித்தான், சாகிறவரை இருக்கும். அதில் எங்கே விட்டுக்கொடுப்பது என்று பேசிக்கொண்டால் போதும். தீரக்கூடிய மிச்சத்தைத் தீர்க்கப் பாருங்கள்.

படி 7: வேலையும் பணமும்

மனம் விலகினதற்கும் பாத்திரம் தேய்ப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று ஆண்கள் கேட்பார்கள். 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுவேலை செய்கிற பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிஷம் அதில் செலவழித்தார்கள், ஆண்கள் 97. அதுவும் வீட்டுவேலை செய்கிற ஆண்களின் சராசரி, செய்யாதவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. ஐந்து மணி நேரம் நின்றுவிட்டு வருகிற ஆளிடம் ‘வா, மனசுவிட்டுப் பேசுவோம்’ என்றால் அது அவளுக்கு ஆறாவது மணி நேர வேலை.

‘ஹெல்ப் பண்றேன்’ என்ற சொல்லைத் தூக்கிப்போடுங்கள். ஒரு வேலையை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள், யோசிப்பது, வாங்குவது, செய்வது, துடைத்துவைப்பது எல்லாம் சேர்த்து. நான் காலை டிபனை எடுத்துக்கொண்டேன். ‘ரவை எங்க இருக்கு’ என்று கேட்டால் அது அவள் வேலைதான், நான் வெறும் கை. முதல் மாதம் உப்புமாவாகவே போனது, அவள் ஒன்றும் சொல்லவில்லை. அது பெரிய தியாகம் என்று இப்போது புரிகிறது.

பணத்தில் ஒன்று மட்டும்: மறைத்துவைத்த கடன், அடகுவைத்த நகை, தம்பிக்குக் கொடுத்தது, சீட்டு, எதுவாக இருந்தாலும் ஒரு தாளில் எழுதிக் காட்டிவிடுங்கள். நீங்களாகக் காட்டினால் ஒரு வாரக் கோபம். அவராகக் கண்டுபிடித்தால் பழைய படி எல்லாவற்றையும் மறுபடி ஏறவேண்டும்.

படி 8: தொடுதல்

பல வருஷம் தொடாதவர்கள் நேராகப் படுக்கையில் தொடங்கக்கூடாது. தொட்டாலே அதற்குத்தான் என்று ஆகிவிட்டால், வேண்டாதவர் தோளில் கைபட்டால்கூட நகர்ந்துகொள்வார். அதனால் எதையும் எதிர்பார்க்காத தொடுதலை முதலில் கொண்டுவாருங்கள். சாலையைக் கடக்கும்போது கையைப் பிடிப்பது, தலைவலி என்றால் தைலம் தேய்ப்பது, பைக்கில் போகும்போது தோளில் கை. இது ஒரு மாதமோ மூன்று மாதமோ ஆகட்டும். நம் வீடுகளில் வளர்ந்த பிள்ளை இருந்தால் பெற்றோர் பக்கத்தில் உட்காருவதற்கே கூச்சப்படுகிறோம், அந்தக் கூச்சத்தைக் கொஞ்சம் விடலாம், பிள்ளைகளுக்கு அது நல்ல காட்சிதான்.

ஒரே அறைக்குத் திரும்புவதை இருவரும் பேசி முடிவெடுங்கள். வலி, வறட்சி இருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள், அதற்குப் பூச்சும் மருந்தும் இருக்கின்றன. ஆண்கள் பிரச்சினைக்கும் முறையான வைத்தியம் இருக்கிறது, லாட்ஜில் ரூம் போட்டு மாதம் ஒரு நாள் வந்துபோகிற வைத்தியர்களிடம் மட்டும் போகாதீர்கள். இருவருக்குமே விருப்பமில்லை, பக்கத்தில் படுத்துக் கதை பேசினால் போதும் என்றாலும் அதில் குறை ஒன்றும் இல்லை. ஒருவர் மட்டும் முடிவெடுத்து மற்றவர் விழுங்கிக்கொள்வதுதான் கூடாது.

படி 9: தெரியாத ஒன்றைச் சேர்ந்து செய்யுங்கள்

அதே ஏரன் 2000-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், பழகின இனிமையான விஷயத்தைவிடப் புதிதாக, கொஞ்சம் சவாலாக ஒன்றைச் சேர்ந்து செய்த தம்பதிகளுக்கு உறவில் திருப்தி கூடியது. குலதெய்வக் கோவிலுக்கு இருபது பேரோடு வேன் பிடித்துப் போவது இதில் சேராது, அங்கே நீங்கள் சாம்பார் வாளியோடு நிற்பீர்கள். நாங்கள் பாசஞ்சர் ரயிலில் மயிலாடுதுறை போய், அங்கிருந்து பஸ்ஸில் தரங்கம்பாடி போனோம். டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டை, பக்கத்திலேயே இருந்தும் இரண்டு பேரும் பார்த்ததில்லை. பஸ்ஸைத் தவறவிட்டோம், வெயிலில் அலைந்தோம், திரும்பி வரும்போது நன்றாகச் சிரித்தோம். போட்டோவை ஸ்டேட்டஸில் போடவேண்டாம் என்றாள், போடவில்லை.

படி 10: ஆலோசகர்

ஏளனம், துரோகம், தீராத அழுகை, பேச உட்கார்ந்தாலே சண்டை, இதில் ஒன்று இருந்தாலும் மூன்றாவது மனிதர் வேண்டும். அது பெரியப்பாவோ ஜோசியரோ இல்லை. முதுநிலை படித்த உளவியல் ஆலோசகர், அல்லது இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளர். பதிவு எண்ணைக் கேட்கத் தயங்காதீர்கள். தம்பதிகளோடு வேலை செய்த அனுபவம் உண்டா என்றும் கேளுங்கள், தனி ஆளுக்குக் கவுன்சலிங் கொடுப்பது வேறு, இது வேறு. நாங்கள் முதலில் பார்த்தவர் ‘பொம்பளைங்கதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்’ என்று ஆரம்பித்தார், நானே எழுந்துவிட்டேன். இரண்டாவது ஆலோசகரிடம் ஒன்பது தடவை போனோம். துணை வரமாட்டேன் என்றால் நீங்கள் மட்டும் போங்கள், அதுவும் பயன்தான்.

நிறையப் பேர் முதல்முறையாக ஆலோசகரைப் பார்ப்பதே குடும்பநல நீதிமன்றத்தில்தான். 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே சேர்த்துவைக்க முயற்சி செய்யவேண்டும் என்று இருக்கிறது, அதற்கு ஆலோசகர்களும் இருக்கிறார்கள். ஆனால் இரண்டு பக்கமும் வக்கீல் வைத்த பிறகு மனசு திறப்பது கஷ்டம்.

எவ்வளவு நாள், எப்போது நிறுத்துவது

எங்களுக்கு ஓரளவு சரியாக எட்டு மாதம் ஆனது, நடுவில் இரண்டு தடவை பழைய இடத்துக்கே போய்விட்டோம், ஒரு தடவை தீபாவளி வியாபாரத்தால், ஒரு தடவை அவளுடைய அண்ணன் மகள் கல்யாணத்தால். போனால் படி 3-க்குத் திரும்புங்கள், முதலிலிருந்து வேண்டாம். முதல் அடியை யார் எடுப்பது என்ற கணக்கைப் பார்க்காதீர்கள், ஆனால் அது காலம் முழுக்க ஒருவர் மட்டுமே இழுக்கிற தேராகவும் இருக்கக்கூடாது. ஆறு மாதம் நேர்மையாகச் செய்தும் எதிர்ப்பக்கம் அசையவே இல்லை என்றால் நேராகக் கேளுங்கள்: உனக்கு இந்த வாழ்க்கை வேணுமா? ‘வேண்டாம்’ என்பதும் ஒரு பதில். மரியாதையாகப் பிரிந்துபோனவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் ஒருவர் உடம்பை ஒருவர் இன்றைக்கும் விசாரித்துக்கொள்கிறார்கள்.

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி நான் போனில் பித்தளை விலை பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஏதோ சொன்னாள், நான் ‘ம்’ என்றேன்.

‘என்னங்க, அது என்ன ம்?’

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ‘திரும்பச் சொல்லு’ என்றேன். மாடிப்படிக்குக் கீழே பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறதாம். டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தோம், நாலு இருந்தது.